அளவு நோட்டில் இருக்கும் தலைவர்

கேள்வி: அன்புள்ள மேடம், திங்கள்நகரில் தையல்கடை வைத்திருக்கிறேன். வயது 61. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கட்சி. பதவி எதுவும் கேட்டதில்லை. கொடி தைத்திருக்கிறேன், போஸ்டர் ஒட்டியிருக்கிறேன், பூத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தலைவர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காலத்தில் அவர் பேச்சைக் கேட்க மழையில் நின்றிருக்கிறேன். தேர்தலில் தோற்றார், பொறுப்பு போனது, கட்சியை விட்டு விலகினார். அதுவரை சரி. இப்போது வாரத்துக்கு இரண்டு பேட்டி கொடுக்கிறார். கட்சியையும் கூட இருந்தவர்களையும் வாய்க்கு வந்தபடி பேசுகிறார். போன மாதம், கொடி பிடித்தவர்கள் எல்லாம் காசுக்கு வந்த கூட்டம் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவர் வீடியோக்களைப் பார்க்கிறேன், பதில் எழுதுகிறேன். வேறு கட்சிக்காரரான மச்சினன் ஏதோ கேலி செய்ததில் சண்டை. இந்த வருஷம் மண்டைக்காடு கொடைக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் முப்பது வருஷமும் வீண்தானா? அவர் சொல்வதில் உண்மை இருக்குமா? இனி ஓட்டுப் போடுவதில் அர்த்தம் உண்டா?

(நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். தலைவர் பெயரையும் கட்சிப் பெயரையும் எடுத்துவிட்டேன்.)

பதில்:

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு தேர்தல் சமயத்தில் உங்கள் தலைவர் நம் குமரி மாவட்டத்துக்கு வந்தார். சட்டை மழையில் தொப்பலாக நனைந்துவிட்டது. கடையில் வைத்தே அளவெடுத்து, ராத்திரி முழுக்க மிஷினை மிதித்து, விடிந்ததும் புதுச்சட்டையைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அளவு இன்னும் நோட்டில் இருக்கிறது: தோள் 18½, காலர் 16, கை 10, உயரம் 30. ஓரத்தில் ‘இடது தோள் கொஞ்சம் இறக்கம்’ என்று ஒரு குறிப்பு. இப்போது அந்த நோட்டைத் திறக்கக் கை வரவில்லை என்கிறீர்கள். பழைய வாடிக்கையாளர்கள் அளவும் அதே நோட்டில் கிடப்பதால், வருகிறவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து அளவெடுக்கிறீர்கள்.

ஒருவருடைய தோள் இறக்கத்தைக் கண்டுபிடித்து, வெளியே தெரியாதபடி சட்டையில் அதைச் சரிசெய்து கொடுத்தவர் நீங்கள். அவர் வாயிலிருந்து ‘காசுக்கு வந்த கூட்டம்’ என்று வந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? ‘அரசியல்தானே, விட்டுத் தள்ளுங்க’ என்று மஸ்கட்டிலிருந்து மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் இது துக்கம் அண்ணாச்சி. ஆள் செத்தால் துட்டி கேட்க வருவார்கள், பதினாறாம் நாள் என்று ஒன்று வரும், அழுவதற்கு ஒரு இடமும் முடிப்பதற்கு ஒரு நாளும் இருக்கும். உங்கள் துக்கத்துக்கு யாரும் துட்டி கேட்க வரவில்லை. அது துக்கம் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் மனநல ஆலோசனைத் துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பாலின் பாஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். அதில் இரண்டு வகை சொல்கிறார். ஆள் இல்லை, ஆனால் மனசு அவர் வருவார் என்றே காத்திருக்கும், இது ஒன்று. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆலோசனைக்குப் போனபோது இதை நேரில் பார்த்தேன். உடல் கிடைக்காத வீடுகளில் பூசை வைப்பதா, காத்திருப்பதா என்று தெரியாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு வகையில் ஆள் கண்முன்னே இருப்பார், ஆனால் அவர் அவராக இருக்க மாட்டார். மறதி நோய் வந்த அம்மா, பெற்ற மகளையே ‘நீ யாரு பிள்ளே?’ என்று கேட்பது மாதிரி. ஒக்கியில் ஆளை இழந்த வீட்டுத் துக்கத்தோடு உங்கள் துக்கத்தை நான் தராசில் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. மனசு சிக்கிக்கொள்கிற விதத்தை மட்டும் சொல்கிறேன். திரையில் அதே முகம், அதே குரல், மைக்கைப் பிடிக்கிற அதே கை. நீங்கள் அளவெடுத்த ஆளை மட்டும் காணவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கோபத்தில் எழுந்து பார்ப்பதாகத்தான் நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ, பழைய ஆள் ஒரு நிமிஷமாவது எட்டிப் பார்க்க மாட்டாரா என்று தேடுகிறீர்கள் என்றுதான் படுகிறது.

சரி, அவர் சொல்வதில் உண்மை இருக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டேன். வெளியே போனவர் திட்டுகிறார் என்பதற்காக அவ்வளவும் பொய் ஆகிவிடாது. சொந்தக் கட்சியைக் கடுமையாக விமர்சிப்பது துரோகமும் இல்லை. இதை நம் மாவட்டத்துக்காரர்கள் மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உங்கள் அப்பா, குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய நேசமணி காலத்து ஆள், அதற்கான 1954 ஊர்வலத்தில் நடந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது நம் பகுதியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் கட்சி. அந்த அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டவர்களில் ஒருவர் அதே கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. நாட்டில் அந்தக் கட்சிக்கு இருந்ததே அந்த ஒரு முதலமைச்சர்தான். சுதந்திர நாட்டில் மக்களைச் சுட்ட அரசு நீடிக்கக் கூடாது என்பதில் லோகியா இறங்கி வரவில்லை. கட்சி கேட்கவில்லை. பொதுச்செயலாளர் பதவியை விட்டார், அடுத்த வருஷம் கட்சியோடு உறவே முறிந்தது. எங்கோ வடக்கே பிறந்த ஒருவர், விளவங்கோட்டுப் பக்கம் செத்த முன்பின் தெரியாத தமிழர்களுக்காகத் தன் கட்சியையே எதிர்த்தார். உங்கள் அப்பா இதை வீட்டில் பேசியிருப்பார், யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் தலைவரை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்போம். லோகியா கையில் பதவி இருந்தபோதே பேசினார். அதைச் சொன்னால் தனக்குத்தான் நஷ்டம் என்று தெரிந்தே சொன்னார். ஆள் யார், குணம் என்ன என்று போகாமல், ஒரு தேதியையும் ஒரு செயலையும் காட்டிப் பேசினார். நீங்கள் அனுப்பியிருந்த மூன்று பேட்டிகளையும் நான் முழுக்கப் பார்த்தேன். வேட்பாளர் தேர்வில் பணம் விளையாடியது என்று ஒரு இடத்தில் சொல்கிறார். எந்தத் தேர்தல், எந்தக் கூட்டம் என்று ஓரளவு விவரம் இருக்கிறது. அதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் ஒன்றியத்தில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அப்போது அந்த மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அவரே. ‘நானும் அதற்குத் தலையாட்டினேன்’ என்ற ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன், மூன்று பேட்டியிலும் வரவில்லை. மீதி நேரமெல்லாம் யார் கோழை, யார் நன்றி கெட்டவர், யார் தன் போனை எடுக்கவில்லை என்பதுதான். காசுக்கு வந்த கூட்டம் என்கிற பேச்சும் அந்தப் பகுதியில்தான் வருகிறது. அதைச் சொல்கிற நேரத்தில் அவர் கண்ணில் நீங்கள் இல்லை அண்ணாச்சி. தன்னைத் தேடி வராதவர்கள்தான் இருந்தார்கள்.

இப்படி ஒரு மனிதர் எப்படி ஆகிறார் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். என்னோடு படித்த தோழி ஆஸ்திரேலியாவில், மெல்பர்னில் நர்ஸாக இருக்கிறாள். அவள் அங்கே போட்ட முதல் ஓட்டு, மார்க் லேதம் தலைமை தாங்கிய தொழிற்கட்சிக்கு. 2003 டிசம்பரில் 42 வயதில் எதிர்க்கட்சித் தலைவரானவர். எம்.பி.க்களின் தாராளமான ஓய்வூதியத் திட்டத்தை மூட வேண்டும் என்று அவர் சொன்னதும், ஆளுங்கட்சியும் அந்த வழிக்கு வர வேண்டியதாயிற்று. 2004 அக்டோபர் தேர்தலில் தோற்றார். அந்த டிசம்பர் 26-இல்தான் சுனாமி. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் நாம் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த அதே நாட்களில், எதிர்க்கட்சித் தலைவர் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஆஸ்திரேலியாவில் கேள்வி எழுந்தது. அவர் விடுமுறையில் இருந்தார், கணைய அழற்சியும் திரும்ப வந்து படுத்திருந்தார். கட்சிக்குள்ளிருந்தும் நெருக்கடி வந்தது. 2005 ஜனவரி 18-இல் தலைமைப் பொறுப்பையும் எம்.பி. பதவியையும் ஒன்றாக உதறினார்.

அந்த வருஷமே தன் நாட்குறிப்புகளைப் புத்தகமாகப் போட்டார். கூட இருந்தவர்கள் யாரையும் விடவில்லை. லட்சியம் உள்ள இளைஞர்கள் கட்சி அரசியல் பக்கமே வர வேண்டாம் என்று ஒரு பல்கலைக்கழக மேடையில் காரணங்களை வரிசையாக அடுக்கினார். என் தோழிக்கு அப்போது 28 வயது, அவருக்காக வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தவள். போனில் அழுதாள். பிறகு அவர் 2018-இல், தொழிற்கட்சி காலமெல்லாம் எதிர்த்து வந்த வலதுசாரி ‘ஒன் நேஷன்’ கட்சியில் சேர்ந்து, 2019-இல் நியூ சவுத் வேல்ஸ் மேலவைக்குப் போனார். 2023-இல் அந்தக் கட்சியோடும் முறிந்தது. உடம்பு முடியாமல் கிடந்தபோது தன்னைக் கைவிட்டார்கள் என்ற காயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருஷம் ஆகியும் அந்தக் காயத்தில்தான் அவர் குடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதேசமயம் அவர் மூட வைத்த ஓய்வூதியத் திட்டம் மூடியபடியேதான் இருக்கிறது. பின்னாளில் அவர் பேசிய எதுவும் அதைத் திறக்கவில்லை. இதை என் தோழி ஒத்துக்கொள்ள நாலைந்து வருஷம் ஆயிற்று.

உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி ஒன்று உண்டு. உங்கள் மனைவி, மைனி சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘இப்பல்லாம் நீங்களும் அந்த ஆளும் ஒண்ணுபோலத்தான் பேசுதிய.’ நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். மைனி சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அவர் மைக்கில் செய்வதை நீங்கள் போனில் செய்கிறீர்கள். மனசில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். பிராட் புஷ்மன் என்கிற உளவியலாளர் 2002-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தங்களைக் கோபப்படுத்திய ஆளை நினைத்தபடியே குத்துப்பையை ஓங்கிக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. இரண்டு நிமிஷம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. உங்கள் தலைவர் பேட்டிக்குப் பேட்டி ஆறாமல் போவதற்கும், பதில் எழுதிய ராத்திரிகளில் உங்களுக்குத் தூக்கம் இன்னும் கெடுவதற்கும் காரணம் ஒன்றுதான்.

அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை மைனி கையில் கொடுத்துவிடுங்கள். படுக்கிற அறையில் அது வேண்டாம். அவர் பேட்டியே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். பார்த்தால் பகலில் பாருங்கள், கடையில் ஆள் இருக்கும் நேரத்தில், ஒரு தடவை மட்டும். பதில் எழுதத் தோன்றினால் அளவு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். அதற்காகவாவது நோட்டைத் திறக்க வேண்டி வரும். இரண்டு வாரம் இப்படி இருந்தும் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். உடனே மைனியிடம் சொல்லுங்கள், 14416-க்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி முப்பது வருஷம் வீணா என்ற கேள்வி. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி நெருக்கி, இரண்டு வரி. ரேஷன் கார்டு கிடைக்காமல் அலைந்த பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக் கூடவே தாலுகா ஆபீஸ் போனது. ஒக்கி சமயத்தில் கடையை ஒரு வாரம் பூட்டிவிட்டு அரிசி திரட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோனது. ராத்திரியில் பிரசவ வலி கண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்சி ஜீப்பில் ஏற்றி ஆசாரிப்பள்ளம் சேர்த்தது. அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் டூ படிக்கிறான் என்பது. இதில் ஒன்றையாவது அந்தத் தலைவர் செய்யச் சொன்னாரா? அவருக்குத் தெரிந்திருக்கவாவது வாய்ப்புண்டா? அவர் பேரில் நீங்கள் செய்தீர்கள், அவ்வளவுதான். செய்தது உங்கள் கை. அவர் இன்று என்ன பேசினாலும் அந்தப் பையன் பிறக்காதவன் ஆகிவிட மாட்டான். என்னிடம் நேரில் வந்திருந்தால், அந்த இரண்டு வரியை நான்கு பக்கமாக எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருப்பேன். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன். அடுத்த கடிதத்தில் அவர் பெயரே வராமல், அந்த வருஷங்களில் திங்கள்நகரில் நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஓட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. யாருக்குப் போடுவது என்பது என் வேலையும் இல்லை. காமராஜர் 1967-இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். இரண்டு வருஷம் கழித்து, நேசமணி மறைவால் வந்த இடைத்தேர்தலில் நம் நாகர்கோவிலுக்கு வந்து நின்றார், ஜெயித்தார். 1971-இலும் ஜெயித்தார். தோற்ற தலைவர் மறுபடி ஜனங்களிடம்தான் வந்தார். அப்படி வருகிறவர்களுக்காக அந்த ஓட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

மச்சினன் விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அவர் கேலி செய்தது தப்புதான். ஆனால் கொடைக்கு வராமல் இருந்தது அவருக்கும் நெஞ்சில் கிடக்கும். அடுத்த மாசி வரை காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே மைனியோடு போய் வாருங்கள். கட்சிப் பேச்சு எடுக்க வேண்டாம். அவர் எடுத்தால், ‘அந்த ஆள் பேசினது எனக்கு ரொம்ப வலிச்சு’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்து, இந்த ஒரு வார்த்தையை நீங்கள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூடக் கோபம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் பரணில் கிடக்கிற கொடி மூட்டை. அடுக்களையில் சட்டி இறக்கத் துணியாக்கிவிடலாம் என்று மைனி கேட்கிறார், கொடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை என்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வெட்ட வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். கோபத்தில் கத்திரி வைத்த துணியை ஒட்டுப் போட முடியாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். வெயில் நல்லாக அடிக்கிற ஒரு நாளில் மூட்டையை இறக்கி உதறிக் காயப் போடுங்கள். உங்கள் கையால் தைத்த முதல் கொடி அதில் இருந்தால் அதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். மிச்சத்தை என்ன செய்வது என்று அன்றைக்கு மைனியும் நீங்களுமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

எழுதுங்கள் அண்ணாச்சி. அந்த நான்கு பக்கத்துக்காகக் காத்திருக்கிறேன்.